சோப்பு வண்டியின் குரல்

என் தங்கச்சிக்குக் குரல் நன்றாக இருக்கும். பாடுகிற குரல் இல்லை, வாசிக்கிற குரல். மாதா கோயில் ஞாயிறு பூசையில் முதல் வாசகத்தை அவள்தான் வாசிப்பாள். கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு சொல் பிசகாமல் கேட்கும். ஆனால் அவள் சத்தம் போடுவதாகவே தெரியாது.

அம்மா போன பிறகு அக்காளும் தங்கச்சியுமாக நாங்கள் இருவர்தான். பதுளையிலிருந்து பசறை போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அதன் மேல் டிவிசனில், வரிசை வீடுகளான லயத்தில் அம்மா பேரில் இருந்த காம்பராவிலேயே தங்கியிருந்தோம். தங்கச்சி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். எங்கள் கடை வாசலில் ‘இன்றே கடைசி நாள்’ என்று ஒரு பதாகை தொங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றும் அது தொங்கியது. வெயிலில் வெளுத்துப்போனால் முதலாளி புதிதாக அச்சடித்து மாட்டுவார். அதைப் பார்த்து ஓடிவருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, விற்பனை என்றால் இப்படித்தான் என்று எனக்குப் பழகிவிட்டது.

விளம்பரக்காரர் எங்கள் கோயிலுக்கு வந்தது ஒரு கலியாணத்துக்கு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் சின்ன அலுவலகம் வைத்து, பெரிய கம்பனிகளின் சாமான்களைத் தோட்டங்களுக்குள் விற்றுக்கொடுக்கிற வேலை அவருக்கு. கூரையில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். பூசை முடிந்ததும் நேரே தங்கச்சியிடம் வந்தார்.

“வாசிச்சது நீதானே தங்கச்சி? நான் பின்னால நின்னு போன் பாத்துக்கிட்டிருந்தேன். ஒன் கொரல் வந்ததும் போன வச்சிட்டேன். எனக்கே ஆச்சரியமா இருந்திச்சு.”

அப்படித்தான் அவள் சனி, ஞாயிறு பின்னேரங்களில் அந்த ஆட்டோவில் ஏறினாள். அவள் பேசுவதை அவர் ஒவ்வொரு தரமும் பதிந்தும் வைத்துக்கொண்டார். சலவைத் தூள், ஷாம்பூ, பால்மா, பிஸ்கட். ஒரு முறை தேயிலைத் தூளும் வந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களிடம், மினுமினுக்கும் பைக்கட்டில் தேயிலை விற்றார்கள். அதையும் வாங்கினார்கள்.

முதல் சில வாரங்கள் யாரும் வெளியே வரவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒரு நாள் எங்கள் டிவிசன் கடைப் படியில் பிளேன்டீயோடு உட்கார்ந்து, பின்னேரம் முழுக்க லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது அங்கேதான் இருந்தார். என்னையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இங்க பாருங்க. அந்தம்மா ஒரு கையால அடுப்ப ஊதுறாங்க, மத்த கையில போன். பக்கத்து வீட்ல டிவி ஓடுது, யாரும் பாக்கல. இந்தப் பையன் காதுல வயர். ஒருத்தருக்கும் காது காலியா இல்ல. பாண் விக்கிறவன் ஆட்டோவுல பாட்டுப் போட்டுக்கிட்டு போனான், புள்ளைங்க மட்டும்தான் வந்திச்சு. ஆனா கொஞ்சம் முந்தி தோட்ட ஆபீஸ் ஆளு வந்து, ‘மேல் டிவிசன் ஆளுங்க கவனிங்க’ன்னு ஒரு கொரல் குடுத்தான். அத்தன தலையும் தூக்கிச்சு.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சந்தோஷத்துக்கு யாரும் திரும்பல. பயந்தாதான் திரும்புறாங்க.”

அடுத்த சனிக்கிழமை தங்கச்சிக்குப் புதிய வாசகம் கொடுத்தார். “மேல் டிவிசன் மக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்” என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு மூச்சு அளவுக்குச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அந்த நேரத்தில்தான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்களாம். வந்த பிறகு சோப்பைப் பற்றிச் சொன்னால் போதும்.

“பொய் சொல்ற மாதிரி இல்லீங்களா சார்?” என்று தங்கச்சி கேட்டாள்.

“எங்க பொய்? நாளையோட சலுகை முடியுது. அது அவசரம்தானே?”

அன்று நான் வீட்டில் இருந்தேன். ஆட்டோ லயத்தடிக்கு வந்தது. அவள் குரல் கேட்டது. எதைப் பற்றி என்று தெரிந்திருந்த நானே வாசலுக்கு ஓடினேன். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலம் வந்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைப்போம். மூன்றாம் காம்பராப் பெண் ஒரு இடுப்பில் குழந்தையும் மறு கையில் அந்தப் பையுமாக வெளியே ஓடிவந்து நின்றாள். பிறகு சலவைத் தூள் என்று தெரிந்ததும் அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு ஒரு பைக்கட்டும் வாங்கினார்கள். பயம் தெளிந்த சந்தோஷத்தில் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் வாசகத் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

யாவாரம் நன்றாகப் போனது. ஆனால் ஆட்கள் பழகிவிட்டார்கள். ‘அவசர அறிவித்தல்’ என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லி விளையாடினார்கள். தங்கச்சிக்கு சோப்பு அக்கா என்று பேர் வந்தது. விளம்பரக்காரர் அதற்கும் மேலே போனார். முதலில் ஒரு சைரன் சத்தம் சேர்த்தார். அதுவும் பழகிப்போனதும் ஒரு குழந்தை அழுகிற சத்தம். அவர் கெட்ட மனிதர் இல்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோவிலேயே வைத்து மருந்தெடுக்கக் கூட்டிப் போனவர். ஆட்களின் தலை திரும்புகிறதா என்பதைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. பாதையில் கல் விழுந்து பஸ் ஓடாததால் அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் காலையிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் வந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிராம சேவகர் தங்கச்சியைப் போனில் அழைத்து, மேலே மலையில் வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லோரையும் பாடசாலைக்கு இறக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்றார். ஸ்பீக்கர் இருக்கிற வண்டி அந்த ஆட்டோ ஒன்றுதான். அன்று அது தோட்டத்துக் கடையடியில் மழைக்கு ஒதுங்கி நின்றது. தங்கச்சி ஓடிப்போய் ஏறியதும் அதன் டிரைவர் உடனே எடுத்தார்.

ஆட்டோ வருவது தெரிந்து நான் வாசலுக்கு வந்தேன்.

“மேல் டிவிசன் மக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல்.”

அதே ராகம். அவளுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று வரவில்லை. பதற்றத்தில் மூச்சு வாங்கியதால் அந்த இடைவெளிகூட அப்படியே விழுந்தது. பிறகுதான் மண்சரிவு என்ற சொல் வந்தது. அதற்குள் யாரும் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு காம்பராவிலிருந்து சிரிப்பு கேட்டது. யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர், கதவை அரைவாசி திறந்து பார்த்தார்.

“இந்த மழையிலயும் யாவாரம் பண்றானுங்க பாரு,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கச்சி இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் பாதியில் நிறுத்திவிட்டு, மைக்கை ஆட்டோவுக்குள் எறிந்துவிட்டு இறங்கினாள். குடை இல்லை. நேராக அத்தை வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

“அத்தை, எந்திரிங்க. மலை வெடிச்சிருக்கு. எந்திரிங்க அத்தை, நெசமாத்தான் சொல்றேன்.”

அது வாசிக்கிற குரல் இல்லை. அந்தக் குரலை அம்மா செத்த அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன். அத்தை கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டே போனோம். நனைந்து நிற்கிற அவளைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் நம்பினார்கள். யாரோ ஒரு பையன் அவள் பின்னாலேயே வந்து அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் ஓய்வுபெற்ற காவல்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் தண்ணீர் இடுப்பளவு இறங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி அதில் கால் வைக்கப் போனாள். டிரைவர் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினோம். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. கையை ஆட்டினார். ‘போங்க, போங்க’ என்கிற மாதிரி.

“சோப்பு வண்டிக்கெல்லாம் நான் எந்திரிக்க மாட்டேன்” என்று அவர் சொன்னதாகப் பிறகு ஒருவர் சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்து, ஈரத்தைத் துவட்டி முடிப்பதற்குள் மண் இறங்கியது. பெரிய லொறி ஒன்று கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பச்சை மரம் முறிகிற வாசம். பாடசாலை வரை வந்தது அந்த வாசம்தான். லயத்தின் பாதி போயிருந்தது. எங்கள் காம்பராவின் பின்சுவர் போயிருந்தது. காவல்காரரை மறுநாள் எடுத்தார்கள்.

விளம்பரக்காரர் இரண்டு நாளில் பாடசாலைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் அவரே அரிசி மூட்டை தூக்கினார். காவல்காரரின் மகளுக்கு முன்னால் நின்று அழுதார். அது நடிப்பில்லை என்று நான் இன்றும் சொல்வேன். ஆனால் மூட்டைகளின் மேல் கம்பனியின் பேர் பெரிதாக அச்சடித்திருந்தது. வாங்குகிறவர்கள் அந்தப் பேர் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கூட வந்தவர் படமெடுத்தார்.

போகுமுன் தங்கச்சியைத் தனியே கூப்பிட்டார். நானும் போனேன்.

“நீ கதவு தட்டுற வீடியோவ எத்தன பேர் பாத்திருக்காங்க தெரியுமா? கொழும்பு வரைக்கும் போயிருச்சு. ஒன் கொரலுக்கு இப்ப இருக்கிற மதிப்பு ஒனக்கே தெரியாது தங்கச்சி. கொஞ்ச நாள் போகட்டும். ஒரு புது ரெக்கோடிங் செய்வோம்.”

“வேணாங்க சார். இனிமே நான் மைக்க தொட மாட்டேன்.”

அவர் வற்புறுத்தவில்லை. அவள் தலையைத் தொட்டார்.

“சரிம்மா. நீ ஓய்வெடு. ஒன் கொரல் எங்கிட்ட நெறைய இருக்கு.”

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தோம்.

தகரக் கொட்டில்களுக்கு எங்களை மாற்றினார்கள். அத்தையின் கொட்டில் எங்களுடையதை ஒட்டி இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அவர் மகன் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்தான். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தான். அத்தைக்கு எழுதப் படிக்க வராது, விரலால் தள்ளத் தெரியும். செபமாலைப் பாட்டு, சமையல், சீனி வியாதிக்கு என்ன சாப்பிடலாம் என்று மாறி மாறிப் பார்ப்பார். அவருக்குச் சீனி ரொம்ப நாளாக இருந்தது. மாதாமாதம் கிளினிக் போய் மருந்து வில்லை எடுத்துவருவார்.

ஒரு பின்னேரம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி எனக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் பேசினாள்.

“எந்திரிங்க. ஒங்க ஒடம்புக்குள்ள ஒரு ஆபத்து இருக்கு. நெசமாத்தான் சொல்றேன்.”

தங்கச்சியின் கை அப்படியே நின்றது. வாசிக்கிற குரல் இல்லை. கதவு தட்டிய அந்தக் குரல். அதே மூச்சுத் திணறல்கூட இருந்தது. பிறகு அத்தையின் போனிலிருந்து ஒரு மூலிகைத் தூளின் பேர் வந்தது. அதைக் குடித்தால் சீனி இறங்கும், கிளினிக் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று அவள் குரல் எங்கள் அத்தைக்குச் சொன்னது.

“நான் இத பேசலக்கா,” என்றாள் தங்கச்சி. என் முகத்தைப் பார்த்து, நான் நம்புகிறேனா என்று தேடினாள்.

அடுத்த நாளே பதுளைக்குப் போனோம். மாடி அலுவலகத்தில் விளம்பரக்காரர் தனியாக இருந்தார். ஸ்பீக்கர்கள் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தன. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி, ஒரு வரியை டைப் செய்து, ஒரு பொத்தானைத் தட்டினார்.

“அக்கா, வாங்க வீட்டுக்குப் போவோம்,” என்றது என் தங்கச்சியின் குரல்.

தங்கச்சி ஒரு அடி பின்னால் போனாள்.

“பழைய ரெக்கோடிங் எல்லாத்தையும் கொழும்புக் கம்பனி ஒண்ணு வாங்கிச்சு,” என்றார் அவர். “சோப்புக்குத்தான் எடுக்கிறாங்கன்னு நெனச்சேன். அதையும் அந்த வீடியோவையும் வச்சி இத செஞ்சிட்டாங்க. இப்ப எழுதிக் குடுத்தா போதும், ஒன் கொரல் பேசும். தும்மச் சொன்னா தும்மும்.”

“நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“யாருகிட்ட சொல்ல? அங்க போன் அடிச்சா ஒரு மெசின்தான் பேசுது.” அவர் உட்கார்ந்தார். “எனக்கே இப்ப வேல இல்ல. ஆட்டோவ வித்துட்டேன். நான் ஸ்பீக்கர்ல ஊருக்கே ஒரே வார்த்தையத்தான் கத்தினேன். இது அப்படி இல்ல. எந்த வீடியோவுல வெரலு நிக்குதுன்னு பாக்குது. சீனி உள்ளவங்களுக்கு சீனி மருந்து. புள்ள இல்லாதவங்களுக்கு வேற ஒண்ணு. யாருக்கு எப்ப மனசு எளகுமோ அப்ப போய் பேசுது. நான் கடைப் படியில ஒரு பின்னேரம் ஒக்காந்து பாத்தேன். அது ஒவ்வொருத்தர் மடியிலயும் ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கு.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயம் இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

பொலிஸில் சொன்னோம். கேட்டு எழுதிக்கொண்டார்கள். கோயில் சுவாமி, அந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். தங்கச்சி கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தையும் ஆட்டினார். ஆனால் பிள்ளைகள் அவளைப் பார்த்து விளையாட்டாகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். போனில் ஒன்று, நேரில் ஒன்று பேசுகிற ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அவள் ஞாயிறு வாசகத்தை விட்டுவிட்டாள். கடைசியாக வாசித்த அன்றைக்கு, அவள் வாய் திறந்ததும் முன் வாங்கிலிருந்த ஒரு பெண் தன் போன்தான் பேசுகிறதோ என்று கையைப் பைக்குள் விட்டுத் தடவிப் பார்த்தாள். அது போதும் என்றாள் தங்கச்சி.

அத்தையின் காலில் புண் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. சேலையை இழுத்து மூடிக்கொண்டே நடமாடினார். வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. கிளினிக் வில்லையை எப்போதோ நிறுத்தியிருந்தார். தலைமாட்டில் அந்தத் தூள் டப்பா இருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது அத்தை தலையணையில் சாய்ந்திருந்தார். மகன் அன்று காலைதான் வந்து, வெளியே டீ குடிக்கப் போயிருந்தான். தங்கச்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தான் வந்து சொன்னேனே அத்தை. அது நான் இல்லன்னு.”

“சொன்ன.”

“அப்புறம் ஏங்க அத்தை?”

அத்தைக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு விளக்குகிற மாதிரிச் சொன்னார்.

“நீ வந்து சொன்னது ஒரு நாளு. அது தெனம் வந்து சொல்லுது. அதுவும் ஒன் கொரல்ல. ஒன் கொரல எனக்கு தெரியாதா? அன்னைக்கி கேட்டதாலதான் உசுரோட இருக்கேன். கேக்காதவரு என்னா ஆனாருன்னு பாத்தேன்ல.”

தங்கச்சி குனிந்துகொண்டாள். அத்தையின் கையைப் பிடித்தபடி, சாப்பிட்டீங்களா, வலி இருக்கா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் மெதுவாகத்தான் பேச வரும், எங்கும் கேட்கும். எதிர்க் கட்டிலில் மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். காலில் கட்டு. அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். தங்கச்சியை உற்றுப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“நீங்கதானே அது? போன்ல வர்ற பொண்ணு?”

“இல்லீங்க. அது நான் இல்ல. அந்தத் தூள குடிக்காதீங்கம்மா. டொக்டர் குடுக்கிற வில்லைய விட்டுறாதீங்க. தயவுசெஞ்சு.”

அந்தப் பெண் அவள் சொல்வதைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டார். சொந்தக்காரரைக் கண்ட மாதிரிச் சிரித்தார். பிறகு பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவரின் தோளைத் தட்டி எழுப்பினார்.

“இங்க பாருங்க, அந்த மருந்துப் பொண்ணு நேர்லயே வந்திருக்கு.”

வார்டில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.